மலைக்கு ஓடுபாதையா, கீழே நேரத்துக்கு ஒரு பஸ்ஸா?

நீலகிரிக்கு விமானத் தொடர்பு சரியில்லை என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. என்ன கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஊட்டிக்கே ஒரு சின்ன விமான நிலையம் வேண்டும் என்பார் ஒருவர். ஹெலிகாப்டர் விட்டால் போதும் என்பார் இன்னொருவர். கூடலூர் பக்கம் போனால் மைசூரைப் பிடி, கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரைப் பிடி என்பார்கள். கோவையில் ரன்வே நீண்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் நிறைய.

நான் குன்னூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். பயணிகள் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் மேசைக்கு வந்துவிடும். அதை வைத்து இந்த வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஓடுபாதை வேண்டாம். கோவை விமான நிலைய வாசலிலிருந்து நேராக மேலே வரும், விமான நேரத்துக்குப் பொருந்தி ஓடும் அரசு பஸ்தான் நாம் முதலில் கேட்க வேண்டியது. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் விடை வேறு.

யாருக்காகக் கேட்கிறோம்

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியும் இருக்கின்றன. டில்லி, புனே, கவுகாத்தி என்று நாட்டின் எந்த மூலைக்கும் டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் அங்கிருந்துதான். லவ்டேலிலும் ஊட்டியிலும் விடுதிப் பள்ளிகள். பள்ளி மூடும் வாரத்திலும் திறக்கும் வாரத்திலும் பிள்ளைகளும் பெற்றோரும் மொத்தமாக நகர்வார்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து படித்து வெளியே போன பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூரிலோ கோவையிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு பஸ்ஸே போதும். கூடலூர், பந்தலூர் வீடுகளில் வளைகுடா வேலை சர்வசாதாரணம்.

இவர்கள் எல்லோருக்கும் பிறகுதான் சுற்றுலாப் பயணியை வைப்பேன். விமானத் தொடர்பு என்றதும் மேடையில் பேசுகிறவர்கள் சுற்றுலா என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர் தேதியை மாற்றிக்கொள்ளலாம். அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்து, டில்லியிலிருந்து அன்றைக்கே குன்னூர்ப் பக்கத்து எடப்பள்ளிக்கு வந்து சேர வேண்டிய மகனால் முடியாது. நல்ல தொடர்பா இல்லையா என்பதை நான் அவரை வைத்துத்தான் அளக்கிறேன்.

சென்னைப் பயணிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு இரண்டரை மணி நேரம், முன்கூட்டிப் போய் நிற்க ஒன்றரை மணி நேரம், மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு போய்ச் சேர இன்னொரு மணி நேரம் என்று கூட்டினால் ஒரு பகல் போய்விடுகிறது. நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னையில் இரவு 9 மணி வாக்கில் ஏறிப் படுத்தால் காலை ஆறே காலை ஒட்டி மேட்டுப்பாளையம். என்னிடம் சென்னைக்கு விமானம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ரயிலில் இடம் பார்க்கவா என்றுதான் கேட்பேன். டில்லி, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா, வெளிநாடு ஆகியவைதான் நமக்கு உண்மையான கேள்வி.

மலைமேல் ஓடுபாதை

இந்த ஆசையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மூன்று மணி நேர மலைப்பாதையை முப்பது வருடமாக ஏறி இறங்கும் ஒருவருக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் விமானம் இறங்கினால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான். கணக்குதான் இடம் கொடுக்கவில்லை.

சிறு நகரங்களுக்கு ஓடும் ஏ.டி.ஆர். 72 விமானத்தை எடுத்துக்கொள்வோம். எழுபது பேர் சொச்சம் உட்காரும் புரொப்பெல்லர் விமானம். கடல் மட்டத்தில் முழுச் சுமையோடு எழும்ப அதற்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறைகிறது, எஞ்சினுக்கு இழுவை குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓடுபாதை நீளத்தில் 7 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டு விதி. ஊட்டியின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். அதற்கே பாதி கூடி கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஆகிவிடுகிறது.

ஊட்டி குளிர்தானே, குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்குமே என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. அந்த உயரத்துக்கு விதியில் எடுத்துக்கொள்ளும் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 1 டிகிரி. ஊட்டியின் பகல் 20 டிகிரியைத் தொடும். அதாவது விமானக் கணக்கில் ஊட்டி வெப்பமான இடம். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் இன்னொரு 1 சதவீதம் சேர்க்க வேண்டும். தோராயமாகப் போட்டாலும் 2,300 மீட்டர் வந்து நிற்கிறது. இரண்டு முனைகளிலும் விட வேண்டிய பாதுகாப்பு நீளம் அதற்கு மேல்.

இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் ஒரே மட்டமான நிலம் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஊட்டிக்கு மேற்கே புல்வெளிகள் இருக்கின்றன; அவை மேடும் பள்ளமுமான காட்டு நிலம், நம் குடிதண்ணீருக்கு ஊற்றுக்கண். சீகூர் பக்கம் மட்டமாகத்தான் இருக்கிறது. அது யானை வழித்தடம், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்த இடம். மூடிக் கிடக்கும் இந்து நகர் பிலிம் தொழிற்சாலை நிலத்தைச் சிலர் கைகாட்டுவார்கள். அதைச் சுற்றி நிற்கும் மலையை ஒரு தடவை நின்று பார்த்தால் போதும். விமானம் இறங்கி வருவதற்கும், இறங்க முடியாமல் மறுபடி ஏறிப் போவதற்கும் மறைப்பில்லாத வான்வெளி வேண்டும். அது அங்கே இல்லை.

இதையெல்லாம் மீறிக் கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன ஆகும் என்பதற்குச் சிக்கிமில் பாக்யோங் இருக்கிறது. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் மலையைச் செதுக்கி, 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2018 செப்டம்பரில் பிரதமர் திறந்துவைத்த நிலையம். அக்டோபரில் விமானம் ஓடத் தொடங்கியது. மேகமும் பனிமூட்டமும் பாதையை மறைத்ததால் 2019 ஜூனில் நின்றது. 2021 ஜனவரியில் மறுபடி தொடங்கி, அதற்குப் பிறகும் நின்று நின்றுதான் ஓடியது. விமானம் இல்லாத நாட்களில் கேங்டாக் மக்கள் எங்கே போனார்கள்? கீழே, நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் பாக்டோக்ராவுக்கு. நமக்குக் கோவை எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

ஷிம்லா இன்னொரு பாடம். சிறு ஊர்களுக்கு மலிவு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானமே 2017 ஏப்ரல் 27 அன்று ஷிம்லாவுக்கும் டில்லிக்கும் இடையில் பறந்ததுதான். அங்கேயும் மலையுச்சியை வெட்டிய குறுகிய ஓடுபாதை. எடையைக் குறைத்தால்தான் எழும்ப முடியும் என்பதால் இருக்கைகளைக் காலியாக வைத்துப் பறக்க வேண்டியிருந்தது. காலி இருக்கைக்கும் காசு யாராவது கொடுத்தாக வேண்டும். உடானில் அரசு ஈடுகட்டும் காலம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று வருடம். அதற்குப் பிறகு? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சொல்கிறது: ஒதுக்கிய 774 வழித்தடங்களில் தொடங்கியது 371, மூன்று வருடத்தை முடித்தது 112, அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தது 54. பக்கத்தில் சேலத்தையே பாருங்கள். சமவெளியில், நல்ல ஓடுபாதையோடு இருக்கும் நிலையம். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது. 2021இல் அதுவும் நின்றுபோனது. மறுபடி வர 2023 அக்டோபர் ஆனது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மேகம் தரையில் உட்கார்ந்திருக்கும் அந்த மாதங்களில் விமானம் வருமா வராதா என்று தெரியாமல் டிக்கெட் விற்க என்னால் முடியாது. வராத விமானத்துக்குப் பதிலாகக் கடைசியில் எல்லோரும் கோவைக்குத்தான் ஓடுவார்கள்.

ஹெலிகாப்டர்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தவறியதாக விசாரணை சொன்னது. தேர்ந்த விமானிகளும் பெரிய இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டரும் இருந்தும் நேர்ந்தது அது. அந்த ஊர் மக்கள் கம்பளியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியதை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். அதே பாதையில் தினமும் பயணிகளை ஏற்றி இறக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒன்றுக்கு மட்டும் ஹெலிகாப்டர் வேண்டும் என்பேன்: உயிர் காக்க. ஊட்டி அருகே தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் தளம் ஏற்கெனவே இருக்கிறது, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வந்துவிட்டது. வானம் தெளிவாக இருக்கும் நேரத்தில் மூளைக் காயம் பட்டவரையோ தீக்காயம் பட்டவரையோ கோவைக்கு இருபது நிமிடத்தில் இறக்க முடிந்தால் அது பெரிய விஷயம். அதைச் சுகாதாரத் துறையிடம் தனியாகக் கேட்போம். பயணிகள் போக்குவரத்தோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

கூடலூருக்கு வேறு கணக்கு

கூடலூரிலிருந்து கோவை விமான நிலையம் போக வேண்டுமென்றால் முதலில் நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஏற வேண்டும், அப்புறம் குன்னூர் வழியாக இறங்க வேண்டும். ஒரு மலையை முழுசாகத் தாண்டும் பயணம். பந்தலூர், சேரம்பாடிக்காரர்களுக்கு இன்னும் தூரம். இவர்களைக் கோவைக்கு வரச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கரிப்பூர்தான் சரி. நாடுகாணிச் சுரம் இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர், மஞ்சேரி, கொண்டோட்டி. சுமார் நூறு கிலோமீட்டர். வளைகுடாவின் பல நகரங்களுக்கும் அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்த 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் அங்கே இறங்காமல் போனாலும், வளைகுடா வேலைக்குப் போகிறவருக்கு வேண்டிய சின்ன விமானங்கள் குறையவில்லை. கூடலூர் மக்கள் இதை யாரும் சொல்லித்தராமலே பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது நாடுகாணிச் சாலையை மழைக்காலத்தில் தாங்கும்படி வைத்திருப்பதும், நிலம்பூரில் மாறாமல் கொண்டோட்டி வரை போகும் பஸ்ஸும்தான்.

உள்நாட்டுப் பயணத்துக்கு மைசூர் கண்ணில் படும். மண்டக்கள்ளி நிலையம் நஞ்சன்கூடு சாலையில், நமக்கு வாகாக, ஊருக்கு முன்னாலேயே இருக்கிறது. ஓடுபாதை 1,740 மீட்டர். ஏ.டி.ஆர். மட்டும்தான் இறங்கும், நீட்டும் திட்டம் பேச்சில் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துக் கட்டு ஓடுபாதையில் இல்லை, காட்டில் இருக்கிறது. பந்திப்பூர், முதுமலை வழிச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். தொரப்பள்ளியில் காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் கிளம்பினாலும் மண்டக்கள்ளி போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். எனவே பத்து மணிக்கு முன் கிளம்பும் விமானம் நமக்கு உதவாது. திரும்பும்போது மாலை ஆறரைக்குள் தரையிறங்கினால்தான் ஒன்பதுக்கு முன் மேலுகாமனஹள்ளி சோதனைச் சாவடியைத் தொட முடியும். ஒரு நாளில் ஓரிரு விமானம் மட்டுமே வரும் நிலையத்தில், அந்த ஓரிரண்டும் இந்த இடைவெளிக்குள் விழுந்தால் சரி. விழாவிட்டால் மைசூரில் ஒரு இரவு தங்க வேண்டும்.

இரவுத் தடையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாமே என்பார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் மான்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். தடையை வைத்துக்கொண்டு, விமான நேரத்தைப் பகலுக்குக் கேட்பதுதான் நியாயம்.

கோவை: ரன்வேயா, நேரமா?

பீளமேட்டு நிலையம் 1940இல் தொடங்கியது. இப்போதைய ஓடுபாதை 2,990 மீட்டர். அதை 3,810 மீட்டராக நீட்டவும் புதிய முனையம் கட்டவும் அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். நிலம் எடுப்பதிலேயே பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. வரட்டும், நல்லது. ஆனால் மலையில் இருக்கும் நமக்கு இதனால் என்ன மாறும் என்று நிதானமாக யோசிக்க வேண்டும். டில்லிக்கும் மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடும் ஏர்பஸ் 320 ரக விமானங்களுக்கு இப்போதைய நீளமே போதும். நீண்ட ஓடுபாதை, அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்களுக்கு. அவையும் ஓடுபாதை நீண்ட மறுநாளே வந்துவிடாது. இந்தியாவும் இன்னொரு நாடும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் எந்தெந்த ஊரில் வெளிநாட்டு நிறுவனம் இறங்கலாம் என்று பட்டியல் இருக்கும். துபாய் நிறுவனங்களுக்கான பட்டியலில் கோவை இல்லை. ஷார்ஜாவுக்கு நிலை வேறு. அதனால்தான் ஷார்ஜா விமானம் கோவைக்கு வருகிறது.

இங்கே யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. கோவைத் தொழிலதிபருக்கு வேண்டிய நேரமும் நமக்கு வேண்டிய நேரமும் ஒன்றல்ல. அவர் காலை ஆறு மணி விமானத்தில் மும்பை போய், வேலையை முடித்து, இரவு பத்து மணி விமானத்தில் திரும்பி வீட்டில் தூங்க வேண்டும். அவருடைய சங்கங்கள் பலமானவை; கேட்பதும் அதைத்தான். காலை ஆறு மணி விமானம் என்றால் ஐந்துக்குக் கவுன்ட்டர் மூடிவிடும், நாலரைக்காவது உள்ளே இருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் காட்டேரிக்குக் கீழே முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மட்டும் தெரிகிற பனிமூட்டம் இருக்கும். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் யானை சாலையில் நிற்கும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார், பின்னால் உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குப் பயந்து பாதிப் பேர் முந்தின நாளே இறங்கிக் கோவையில் லாட்ஜ் எடுக்கிறார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அறை வாடகைக்குப் போகிறது.

நமக்குத் தோதான நேரம் காலை பதினொன்று முதல் மாலை நான்கரைக்குள் கிளம்பும் விமானம். வருவது காலை ஒன்பது முதல் மாலை ஆறுக்குள். டில்லிக்கும் மும்பைக்கும் இந்த இடைவெளிக்குள் நல்ல விமானம் இருந்தால் வெலிங்டன் கூட்டம் முழுக்க அதில்தான் ஏறும். விமான நிறுவனத்துக்கும் பகல் நேர இருக்கையை நிரப்புவது காலை, இரவு இருக்கையை நிரப்புவதைவிடக் கடினம். அந்த இருக்கைகளை நிரப்ப மலையில் ஆள் இருக்கிறது என்று நாம் எடுத்துச் சொன்னதே இல்லை.

டிக்கெட் வாங்கும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அருவங்காட்டுக் குடும்பம் ஒன்று மகன் பார்த்துக் கொடுத்த மலிவு விலையை நம்பி, கோவை-மும்பை ஒரு நிறுவனத்திலும் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனி டிக்கெட் எடுத்தது. முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானம் போய்விட்டது, பணமும் போய்விட்டது. இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு, பெட்டியும் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனி என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. மலையிலிருந்து போகிறவருக்கு இது இரட்டிப்பாக முக்கியம், ஏனென்றால் அவர் அன்றைக்கே வீடு திரும்பி நாளைக்கு மறுபடி வர முடியாது. ஆயிரம், இரண்டாயிரம் அதிகமானாலும் ஒரே பி.என்.ஆர். எடுங்கள்.

வாசலிலிருந்து மேட்டுப்பாளையம் ரோடு வரை

விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலும் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஊட்டி, குன்னூர் பஸ் ஏறுவது மேட்டுப்பாளையம் ரோடு புதிய பஸ் நிலையத்தில். விமான நிலையமோ ஊரின் எதிர்ப்பக்கம், அவிநாசி ரோட்டில். பெட்டியை இழுத்துக்கொண்டு சித்ரா ஸ்டாப் வரை வந்து, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம், அங்கே மாறி மேட்டுப்பாளையம் ரோடு, அங்கே ஊட்டி பஸ்ஸுக்கு வரிசை. சாயங்காலம் ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில் இரண்டு டிராலி பேக்கோடும் ஒரு கைக்குழந்தையோடும் ஏற முயன்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்டக்டர்மேல் குற்றமில்லை; பெட்டி வைக்க அதில் இடமே கிடையாது. முடியாதவர் டாக்ஸி எடுக்கிறார். மூவாயிரத்துக்குக் குறையாது, சீசனில் கேட்கிற விலை. டில்லி டிக்கெட்டின் பாதி அது.

இத்தனைக்கும் ஊருக்குள் போகவே தேவையில்லை. டாக்ஸிக்காரர்கள் காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்துவிடுகிறார்கள். அந்த வழியில் ஒரு பஸ் ஓடினால் ஆளுக்கு முந்நூறு ரூபாய் வைத்தாலும் பத்துப் பேர் ஏறினால் ஒரு டாக்ஸிக் காசு வந்துவிடுகிறது. கர்நாடகம் இதை 2013இலேயே செய்துவிட்டது. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து மைசூருக்கு நேராக ஃப்ளைபஸ் ஓடுகிறது. குடகு மலையில் மடிக்கேரிக்கும் உண்டு. பெட்டிக்கு இடம், முன்பதிவு எல்லாம் இருக்கும். மைசூரில் விமான நிலையம் இருந்தும் பலர் பெங்களூரில் இறங்கி அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

வெளியூரைத் தேட வேண்டாம் என்றால் மேட்டுப்பாளையத்தையே பாருங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் ஆறே காலுக்கு வருகிறது, மலை ரயில் 7.10க்குக் கிளம்புகிறது. இரண்டும் ஒரே நிலையத்தில், ஒன்றுக்கொன்று பார்த்து வைத்த நேரம். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வந்த பாதைக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது. விமானத்துக்கும் மலைக்கும் நடுவில் அப்படி ஒன்றை யாரும் யோசிக்கவில்லை.

இ-பாஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல், வெளியிலிருந்து மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஒரு விமானத்தில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பத்து டாக்ஸி மேலே வருவதற்குப் பதில் ஒரு பஸ் வந்தால், மலைப்பாதைக்கும் நல்லது, ஊட்டி சேரிங்கிராஸுக்கும் நல்லது. டாக்ஸித் தொழிலில் இருக்கும் நண்பர்கள் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். ராத்திரிப் பயணமும், குடும்பமாக வருகிறவர்களும் அவர்களிடம்தான் வருவார்கள். தனியாக வருகிற மாணவரும் சிப்பாயும் இப்போதும் டாக்ஸி எடுப்பதில்லை, அல்லாடித்தான் வருகிறார்கள்.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, சாலைகள் அறுந்து கிடந்ததைப் பார்த்த ஊர் இது. குன்னூர்ச் சாலை மூடினால் கோத்தகிரி வழி, அதுவும் மூடினால் வழியில்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப்பாதை ஆக்கும்போது பயண நேரமும் கூடும். ஆனால் சாலை மூடும் நாளில், பஸ் கிளம்பவில்லை என்ற செய்தி முன்பதிவு செய்தவர் போனுக்கு வரும். இப்போது அதுவும் இல்லாமல் மேட்டுப்பாளையம் வரை வந்து நிற்கிறார்கள்.

மனுவில் என்ன எழுதுவது

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவை கோட்டத்திடம் மூன்று நடை கேட்கலாம் என்பது என் யோசனை. விமான நிலைய வாசலிலிருந்து காலை 10.30, மதியம் 2, மாலை 6. ஊட்டியிலிருந்து காலை 5.30, 9.30, மதியம் 12. ஒரு நடை கோத்தகிரி வழியாகப் போகட்டும். அங்கே இருப்பவர்கள் குன்னூரைச் சுற்ற வேண்டியதில்லை. மலைக்கேற்ற சின்ன பஸ், பின்னால் பெட்டி வைக்க இடம், இணையத்தில் முன்பதிவு, விமானம் தாமதமானால் அரை மணி நேரம் வரை காத்திருக்க அனுமதி. கடைசிப் பஸ் ஆறு மணிக்கு மேல் வேண்டாம். இரவு பத்துக்கு முன் டிரைவரும் பயணியும் ஊட்டி சேர்ந்துவிட வேண்டும்.

விமான நேரத்துக்கான கோரிக்கை வேறு இடத்துக்குப் போக வேண்டும். விமான நிலைய ஆலோசனைக் குழுவின் தலைவர் அந்தத் தொகுதி எம்.பி. நீலகிரி தொகுதி மேட்டுப்பாளையத்தையும் அவிநாசியையும் சேர்த்து நீள்வதால், நம் எம்.பி.யும் அந்த நிலையத்தைப் பற்றிக் கேட்க முழு உரிமை உள்ளவர். குழுவுக்கு எழுதும்போது மேலும் விமானம் வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், டில்லிக்கும் மும்பைக்கும் பகல் பதினொன்று முதல் நாலரைக்குள் ஒவ்வொன்று என்று நேரத்தோடு எழுத வேண்டும். வெலிங்டன் நிலையத்தின் விடுப்பு மாதங்களையும் விடுதிப் பள்ளிகளின் மூடும் தேதிகளையும் இணைத்தால் நிறுவனங்களுக்கு அதுவே பெரிய ஆதாரம்.

விமான நிறுவனங்களின் நேரப் பட்டியல் வருடத்துக்கு இரண்டு தடவைதான் மாறும்: மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அதற்கு மாதங்கள் முன்னாலேயே நேரம் கேட்டு வாங்கிவிடுவார்கள். குளிர்காலப் பட்டியலில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் நம் மனு மே மாதச் சீசன் கூட்டம் குறைந்த கையோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு அந்தக் கட்டு இல்லை. கோட்ட மேலாளர் ஒப்புக்கொண்டால் அடுத்த வாரமே விடலாம். அதனால் பஸ் மனுவை முதலில் கொடுப்போம்.